தூங்குகிறவர்கள் நடுவே ஓர் அணிவகுப்பு

ஆவடியில் நாங்கள் இருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பகல் முழுவதும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பாக்கள். அதனால் எங்கள் பிளாக்கில் வளர்ந்த பிள்ளைகள் தாழ்ந்த குரலில் சண்டை போடக் கற்றிருந்தோம். கிரிக்கெட்டில் அவுட் கேட்பதற்குக்கூட விரலைத்தான் தூக்குவோம்.

எதிர்வீட்டு நண்பன் விமானப்படை அதிகாரிப் பயிற்சிக்குக் கேடட்டாகத் தேர்வானது எண்பதுகளின் கடைசியில். முதல் பருவம் முடிந்து விடுமுறையில் வந்தபோது தலைமுடி போயிருந்தது. பதிலுக்கு நிறையத் தெரிந்திருந்தது. எந்தப் பதவிக்குத் தோளில் எத்தனை பட்டை, வயர்லெஸ்ஸில் எழுத்துகளை எப்படிச் சொல்வது, சூப்பைத் தன் பக்கமாக அள்ளக் கூடாது என்பது. எதைக் கேட்டாலும் சரியாகச் சொன்னான். கேட்கிறவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதுவே சிக்கலாகியிருந்தது. அணிவகுப்புக்குக் கட்டளை கொடுக்கும் தேர்வில் அவன் தவறிவிட்டான். குரல் கடைசி வரிசைக்குப் போகவில்லை. திரும்பிப் போனதும் மறுதேர்வு. அதிலும் தவறினால் ஒரு பருவம் பின்னால் தள்ளிவிடுவார்கள். இதை எங்களிடம் சொன்னான். அப்பாவிடம் சொல்லவில்லை.

நாங்கள் நான்கு பேர் அவனுக்குப் படையானோம். பட்டாபிராமில் ரயில் பாதையை ஒட்டிய வெட்டவெளிக்குப் போனோம். கட்டளைக்கு இரண்டு பகுதி என்று விளக்கினான். முதல் பகுதியை இழுத்துச் சொல்லி ஆட்களைத் தயாராக்க வேண்டும். இரண்டாவது வெட்டினாற்போல் விழ வேண்டும். ‘தம்’ என்றால் நில். அது இந்தி. எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. நிற்பதற்கு அது தேவைப்படவில்லை.

அங்கே அவன் குரல் நன்றாகவே இருந்தது. சரக்கு ரயில் போகும்போதும் கேட்டது. திரும்பும் வழியில், குவார்ட்டர்ஸ் தெருவில், இன்னொரு முறை பார்க்கலாம் என்றான். நடந்தோம். தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டிக்கொண்டு நின்றோம்.

எங்கள் நால்வரில், அம்பத்தூரில் லேத் மிஷின் ஓட்டும் பட்டாபிராம்காரன்தான் முன்வரிசையில் இருந்தான். “இன்னாடா, நிறுத்தவே இல்ல?”

“சொன்னேனே.”

“எப்போ?”

“அந்த மரத்தாண்ட.”

“மரத்துக்கே கேட்டிருக்காது.” சற்று யோசித்தான். “உங்க பரேடு கிரவுண்டைச் சுத்தி இன்னா கீது?”

“கட்டடம்.”

“ஜன்னல் கீதா?”

“நெறைய.”

“அப்போ உனுக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல, மாமே. ஜன்னலைப் பாத்தா அடைச்சிக்குது.”

மறுநாள் முற்பகலில் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே பயிற்சி என்று லேத்காரன்தான் முடிவு செய்தான். கேடட் மறுத்தான். “எங்கப்பாவும் தூங்கிட்டிருப்பாருடா.”

“அதான் வோணும்.”

காதில் விழாவிட்டால் நிற்பதில்லை என்று பேசிவைத்துக்கொண்டோம். தெருவின் முடிவில் சாக்கடை. முதல் கட்டளை விழவில்லை. இரண்டாவது ஏதோ இருமல் மாதிரி வந்தது. நடந்தோம். லேத்காரன் ஒரு காலைச் சாக்கடைக்குள் வைத்தபோதுதான் பின்னாலிருந்து அந்தத் ‘தம்’ வந்தது. நின்றோம். லேத்காரனும் விதிப்படி, இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றான்.

ஜன்னல்கள் திறந்தன. மாடியிலிருந்து பனியனோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். “எவன்டா அது? இப்பத்தான் கண்ணு அசந்தேன்.”

மூன்றாவது மாடியில் கேடட்டின் அப்பா வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “யாருல சத்தம் போட்டது?”

“நான்தாம்ப்பா.”

“நீயா?” அவர் நம்பவில்லை. “எதுக்கு?”

அவன் காரணத்தைச் சொன்னான். வழக்கமான குரலில்.

“என்னது? கேக்கல. சத்தமாச் சொல்லுல.”

வேறு வழியில்லை. கட்டளைத் தேர்வில் தவறியதை, மறுதேர்வு இருப்பதை, அதிலும் தவறினால் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்பதை, விறைப்பாக நின்றபடி மூன்றாவது மாடி வரை கத்திச் சொன்னான். இரண்டு பிளாக்கும் கேட்டது. அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பனியன்காரர்தான் பேசினார். “சரி, இன்னொரு வாட்டி கத்து தம்பி. தூக்கம்தான் போயிடுச்சே.”

விடுமுறை முடியும்வரை தினமும் நடந்தோம். யார் இரவு ஷிப்ட்டிலிருந்து வந்திருந்தாலும் குறை சொல்லவில்லை. ‘தம்’ சரியாக விழாத நாட்களில் மாடியிலிருந்து திருத்தமும் வந்தது.

அவன் போன பிறகு, மறுதேர்வு முடிந்திருக்க வேண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட் ரோடு எஸ்டிடி பூத்துக்கு அவனிடமிருந்து அழைப்பு வந்தது. பூத்காரர் ஆள் அனுப்பி அவன் அப்பாவைக் கூட்டிவந்தார். நாங்களும் போனோம். அவர் ரிசீவரை வாங்கினார். உடனே காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். அப்படியே கேட்டுவிட்டு வைத்தார்.

“என்ன மாமா சொன்னான்?” என்று கேட்டேன்.

“பய ஒரேடியாக் கத்துதான். ஒண்ணும் வெளங்கல,” என்றார். பிறகு பூத்காரரிடம் எல்லோருக்கும் டீ சொல்லச் சொன்னார்.