பொம்மைக்கு ஊற்றிய வெந்நீர்

இன்று சுங்குவார்சத்திரம் மருந்துக்கடையில் ஓர் இளம் தாய், குழந்தையின் பொம்மைகளைக் கழுவ எது நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எண்பதுகளில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஆறு வயது. அம்மா ஶ்ரீபெரும்புதூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போனேன். அந்த வீட்டுச் சிறுமி மாலா தன் பிளாஸ்டிக் பொம்மையை என் மடியில் வைத்து, "நீ தூங்க வெய்யி" என்றாள்.

அதை அவள் அம்மா பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. என் அம்மாவைக் கூப்பிட்டு, "அடுப்புல கொதிக்கிற தண்ணிய எடுத்து பொம்மை மேல ஊத்து. கொயந்த வாயில வெக்கிற சாமான்" என்றார்.

"நேத்து நாய் கவ்விகினு போனப்போ பச்சத் தண்ணியில கழுவுனா போதும்னீங்களேம்மா?"

"நாய் வேற, உன் பொண்ணு வேற."

அம்மா ஊற்றினாள். பொம்மையின் முகம் சப்பிப்போனது. மாலா கதறி அழுதாள்.

"அவ தொட்டதாலதான் இப்பிடி ஆச்சு" என்று மாலாவைச் சமாதானப்படுத்தினார் அவள் அம்மா.

மாலா அழுகையை நிறுத்திவிட்டு என் கைகளையே பார்த்தாள். பிறகு என் அருகில் வரவேயில்லை.

அன்று அந்த வீட்டில் கிருமி யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.