குரல் என்னுதுதாங்க ஐயா

போன மாதம் பதுளை நீதிமன்றத்தில் ஒரு பெண் சொன்ன பதில் இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

மகேஸ்வரி. பசறையில் எங்கள் பக்கத்து வீடு. தையல் கடையில் வேலை. பிரிந்துபோன கணவர், நான்கு வயது மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். துணைக்கு நானும் பஸ் ஏறினேன்.

கணவர் தரப்பு ஒரு ஆடியோவைப் போட்டது.

"பிள்ளை எனக்கு வேணாம். நீயே கூட்டிட்டுப் போ."

அச்சு அசல் மகேஸ்வரி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் முகம் வெளிறிவிட்டது.

"இது உங்கள் குரல்தானா?" நீதிபதி சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"குரல் என்னுதுதாங்க ஐயா. ஆனா, நான் அப்படிப் பேசவே இல்லைங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

கொஞ்ச காலம் முன்பென்றால் என்ன ஆகியிருக்கும்? ஆடியோ இருக்கிறதா — முடிந்தது கதை! இவரோ கேள்வி மேல் கேள்வி கேட்டார். எந்த போனில் பதிவு செய்தது? அசல் எங்கே? "அந்த போனையே கொண்டு வாருங்கள். பரிசோதித்த பிறகுதான் இதை ஏற்பதா என்று முடிவு. அதுவரை பிள்ளை தாயிடமே இருக்கட்டும்."

வழக்கின் அடுத்த தவணைக்கு அந்த போனைக் கொண்டு வரவில்லை. ஆடியோவை வாபஸ் வாங்குவதாக கணவரின் வக்கீல் எழுந்து சொன்னார். ஏஐ மென்பொருளில் செய்த போலி... கணவரே ஒப்புக்கொண்டார். மகள் தாயிடம்தான் என்று தீர்ப்பானது.

வெளியே வந்ததும் மகேஸ்வரி தன் வக்கீல் ரிஸ்னாவிடம் கேட்டாள்.

"என் குரல் அதுக்கு எப்படி மேடம் கெடச்சிச்சு?"

"முந்தி நீங்க அவருக்கு அனுப்பின வொய்ஸ் மெசேஜ்தான். அதைப் போட்டுத்தான் செஞ்சிருக்காரு."

"சாப்பிட்டீங்களான்னு கேட்டு அனுப்புனதுங்க அதெல்லாம்..." என்றாள்.

ஏஐக்கென்று தனிச் சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை? காதால் கேட்டதையும் சந்தேகப்பட்டு, இன்னொரு கேள்வி கேட்கிற மனிதர்கள் அந்த நாற்காலியில் இருக்கிறார்களே... அது பெரிய ஆறுதல்.

கிளம்பும்போது மகேஸ்வரி திரும்பி, நீதிமன்றத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கதவைச் சாத்தியிருந்தார்கள். நீதிபதி எப்போதோ போய்விட்டார்.

பரவாயில்லை — நானும் கும்பிட்டேன்.