அப்பாவின் தாடி, மகளின் தாடை

என் அக்கா மகள் யாழினி கொய்யாப்பழம் தின்று பார்த்திருக்கிறீர்களா? சான்ஸே இல்லை. ஆள் இல்லாத இடத்தில்தான் தின்பாள். தலையைச் சாய்த்து, கடைவாயில் கொடுத்து... முன்பல்லால் கடிக்க முடியாது. கீழ்த்தாடை முன்னால் நிற்கிறது. மேல்பல் வரிசை அதற்குப் பின்னால் போய் உட்காருகிறது. வயசு எட்டு.

கடலூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம் — அக்கா, மாமா, நான். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மேல்தாடை வளர்றதுல பின்தங்கி இருக்குது. எலும்பு வளர்ற வயசு இது. முகத்துல கம்பி மாஸ்க் மாட்டி, ரப்பர் பேண்டால மெல்ல முன்னால இழுக்கலாம். சாயந்தரமும் தூங்கும்போதும் போடணும். முழுசா சரியாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வளர்ச்சி நின்னுட்டா, அப்புறம் ஆபரேஷன்தாங்க."

மாமா அசரவில்லை. "வயசுக்கு வரட்டுங்க, முகம் தானா தெளிஞ்சிடும். எங்க வம்சத்துத் தாடைங்க இது. எனக்கும் இப்படித்தான். நான் பொழைக்கல?"

"வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்சாதாங்க இதுல பலன்!"

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளின் பல்லு, பரு, கூன் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பெஷலிஸ்ட் — மஞ்சள் நீராட்டு விழா. அன்றைக்குச் சீர் தூக்கிக்கொண்டு வரப்போகும் தாய்மாமன் நான்தான். கேட்கிறேன்... சீர்வரிசைத் தட்டைப் பார்த்ததும் எலும்பு நகருமா?

மாமா விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் சூப்பர்வைசர். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஓவராக வாயை விட்டேன்.

"ஏன் மாமா, கோணக் கப்ப சூளையில சுட்டப்புறம் நிமித்துவீங்களா?"

"கப்பும் புள்ளையும் ஒண்ணா? கம்முனு வா மச்சான்."

கம்மென்று வந்தேன். என் உவமைக்குச் செம பல்பு.

ஜன்னலோரம் இருந்த யாழினி அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, உனக்கு தாடி இருக்குது. எனக்கு?"

மாமாவைத் தாடி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. கல்யாண ஆல்பத்திலும் தாடிதான். ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்! மாமா தாடியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டு வந்தும் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் வந்து சத்தம் போட்டார்.

அடுத்த வாரமே மாஸ்க் வந்துவிட்டது. நெற்றியில் ஒரு பட்டை, மோவாயில் ஒரு பட்டை, நடுவில் கம்பி. புதுத் தலைவலியும் கூடவே வந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், மாஸ்க் தலையணைக்கு அடியில் போய்விடும். சாயந்தரத்தில் ஆள் வராத வீடு எங்கள் தெருவில் ஏது?

"கழட்டிக் கழட்டி வெச்சா தாடை எப்புடிடி நகரும்?" — அக்கா அழாத குறை.

நேற்று சாயந்தரம் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல் படியில் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மழமழவென்று முகம், முன்னால் தள்ளிய கீழ்த்தாடை... அட, மாமா! பக்கத்தில் மாஸ்க்கோடு யாழினி.

எதிர்வீட்டு ஆன்ட்டி கோலமாவும் கையுமாக நின்றுவிட்டார்.

"என்னாண்ணா, மூஞ்சியே மாறிப்போச்சு?"

"மாறலம்மா. என் மூஞ்சியே இதான்."

நான் யாழினியின் கையையே பார்த்தேன். மாஸ்க்கைக் கழற்றப்போகிறாள் என்று நினைத்தேன். கழற்றவில்லை. கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"எனக்குத்தான் ஆன்ட்டி மாறப்போவுது!"

தாடியை எந்த வயசிலும் வளர்த்துக்கொள்ளலாம் மக்களே... தாடை நமக்காகக் காத்திருக்காது.