ஹாரன் அடித்தால் அதிரும் கைப்பட்டை: திருவொற்றியூரில் ஒரு சனிக்கிழமை

என் மகள் வடிவுக்குப் பதினொரு வயது. பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்குத் தனியாகப் போக வேண்டுமென்று ஒரே அடம். நடுவிலோ கன்டெய்னர் லாரிச் சாலை. ஹாரன் அடித்தால் அதிரும் கைப்பட்டை ஒன்றைக் கல்லூரி மாணவர்கள் செய்கிறார்கள், காது கேளாத பிள்ளைகளிடமே கேட்டுத் திருத்துகிறார்கள் என்று அறிந்து, போன சனிக்கிழமை திருவொற்றியூர் போனோம். “பட்டை சரியாக இருந்தால் தனியாகப் போ” என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மாத்தூரில் காலை 7.40க்குப் பேருந்து, பெண்கள் என்பதால் எங்களுக்குக் கட்டணமில்லை. பிறகு ஷேர் ஆட்டோ, இருவருக்கும் நாற்பது ரூபாய். லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். “எதுக்கு அடிக்கிறான்னு அவனுக்கே தெரியாதுக்கா. சும்மா அமுக்கிகினே கீறான்” என்றார் ஓட்டுநர்.

வடிவுடையம்மனுக்கு அர்ச்சனை, தட்டு அறுபது ரூபாய். அங்கிருந்து மாணவர்கள் பட்டையைச் சோதிக்கும் கூடம் ஒரு கிலோமீட்டர், நடந்துவிடலாம்.

பிள்ளைகளுக்குப் பட்டை கட்டி, சாலையோர நடைபாதைக்கு அழைத்துப் போனார்கள். மகனோடு வந்திருந்த காசிமேட்டு மீன்காரம்மா அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா தம்பி, வலையில மாட்ன சுறா மாரி துள்ளிகினே கீது?”

“ஹாரன் நிக்கலையேக்கா” என்றார் மாணவர்.

“இந்த ரோட்ல அது என்னிக்கு நின்னுது?”

வடிவு பட்டையைக் கழற்றி மாணவரிடமே கொடுத்துவிட்டாள். அவள் சைகையில் சொல்ல, நான் வாய்விட்டுச் சொன்னேன்: “இது எப்பவும் சொல்லுது. அதனால ஒண்ணுமே சொல்லலை.”

“அப்ப லாரி வர்றது உனக்கு எப்படித் தெரியும்?” என்று மாணவர் கேட்டதை அவளுக்குச் சைகையில் சொன்னேன்.

“முன்னால போறவங்க தலை திரும்பினா நானும் திரும்புவேன். யாரும் இல்லேன்னா தெரியாது. அப்ப மட்டும், பின்னால வர்றதை மட்டும் சொன்னாப் போதும்.”

அவள் பதிலை எடுத்துச் சொல்லும்போதுதான் எனக்கே இது தெரிந்தது. வேடிக்கை பார்த்தபடி நடக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்! அம்மா தாயே, அந்தச் சாலையில் இத்தனை நாள் முன்னால் போகிறவர் தலையை நம்பியா நடந்தாள்?

மாணவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பட்டையை அவள் சொன்னபடியே மாற்றிக் காட்டுகிறோம், அடுத்த மாதம் வாருங்கள் என்றார். வடிவு என்னைப் பார்த்துக் கைகளை அசைத்தாள்: “அப்போ தனியாப் போக முடியாதுதானே?” தெரிந்தேதான் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், வெயில் தாங்காது. தண்ணீர், தொப்பி அவசியம். பிள்ளை சொல்வதை மாற்றாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

பள்ளிக்குப் போகும்போது பாதுகாப்பு என்று எப்போதும் அவளுக்குப் பின்னால்தான் நடப்பேன். திங்கட்கிழமை முதல் பத்தடி முன்னால் நடக்கிறேன். லாரி வந்தால் தலையைத் திருப்புகிறேன்.