ஒதுக்கிய முள்

கோட்டைப்பட்டினம் கரையில் கடற்காகங்கள் என்ன தின்கின்றன என்று ஆராய்வதுதான் ஜெயராணியின் வேலை. செரிக்காததை அவை உருண்டையாகக் கக்கிவிட்டுப் போகும். அதை நீரில் ஊறவைத்துப் பிரித்து, முள்ளையும் செதிலையும் பார்த்தே இன்ன மீன் என்று சொல்லிவிடுவாள். பறவையைக் கேட்டால் பதில் வராது, அது விட்டுப்போனதைக் கேளுங்கள் என்று மாணவர்களைக் கடிந்துகொள்வாள்.

கணவர் மரியசெல்வம் இறந்தபோது, ஆவூர் வீட்டில் வழக்கப்படி அடுப்பு மூட்டவில்லை. சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். கொடுத்ததைத் தின்றாள். அழுதுவிடு என்றார்கள், அழுகை வரவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இங்கே மதியச் சோற்றை வாடகை வீட்டுக்காரம்மா டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

அன்று மதியம் ஆய்வு மேசையில் இருந்தபோது நாத்தனார் ஷர்லி போன் செய்தாள்.

"சாப்ட்டீங்களா மதினி?"

"ஆச்சு."

"என்ன கொழம்பு?"

ஜெயராணி யோசித்துப் பார்த்தாள். புளிப்பா, உறைப்பா என்பதுகூட நினைவில் இல்லை. எதிரே டப்பா காலியாக இருந்தது. கழுவிய கை இன்னும் காயவில்லை.

"மதினி, லைன்ல இருக்கீங்களா?"

"இரு, பாத்துச் சொல்றேன்."

தின்னும்போது டப்பா மூடியில் ஒதுக்கி வைத்திருந்த முள் ஒன்றை, காலையிலிருந்து உருண்டைகளைப் பிரித்த அதே இடுக்கியால் எடுத்து லென்சுக்கு அடியில் வைத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"சாளை," என்றாள்.