வழிமொழிய வேண்டியவர் பிரியாணி இறக்கப் போனார்

சிங்கப்பூரில் எங்களுடையது சின்ன எதிர்க்கட்சி. பொதுத் தேர்தலில் யாராவது போட்டியின்றி ஜெயித்தால் முதலில் கத்துவது நாங்கள்தான். ஆனால் எங்கள் தலைவர் பதவிக்கு மட்டும் இத்தனை வருடமும் போட்டியே நடந்ததில்லை. இந்த முறை அக்கா நிற்கிறேன் என்றார். தெம்பனிஸில் ஓட்டுக் கேட்க என்னோடு அடுக்குமாடி புளோக் புளோக்காக ஏறிக் கதவு தட்டியவர். நான் முன்மொழிவது, தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன் வழிமொழிவது என்று பேச்சு. இருவருமே கூட்டத்தில் கை தூக்கிச் சொல்ல வேண்டும். ஒரு கை குறைந்தாலும் தலைவர் மறுபடி போட்டியின்றி வந்துவிடுவார்.

நான் உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். மைக்கை நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய கவலை அண்ணன். கூட்டத்தன்று சாப்பாட்டுப் பொறுப்பும் அவரிடம்தான்.

"அத வேற யார்கிட்டயாவது குடுங்கண்ணே."

"நீ ஒரு ஆளு! பிரியாணி வர்றதுக்குள்ள எலெக்‌ஷன் முடிஞ்சிரும் லா."

எங்கே முடிந்தது? கட்சிச் சட்டை வெளுத்துப் போவதைப் பற்றியே காலை முழுக்கப் பேசினார்கள். பிரியாணி வந்தது. அண்ணன் கீழே போனார். அந்த நேரம் பார்த்துத் தேர்தலை எடுத்தார்கள்.

நான் கை தூக்கி அக்காவை முன்மொழிந்தேன். கூட்டத்தை நடத்திய சீனப் பெரியவர், வழிமொழிவது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் ஓட்டு அக்காவுக்குத்தான் என்று காதோடு சொன்னவர்கள் எல்லாரும் கைபேசியைக் குனிந்து பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவரை இடித்தேன்.

"ஓட்டுன்னா ரகசியம் லா. கை தூக்குனா எல்லாரும் பாப்பாங்க."

எதிர்க்கட்சிக்காரர் பேசுகிற பேச்சா இது!

வேறு வழியில்லை, அண்ணன் வரும்வரை நேரம் கடத்த வேண்டும். முன்மொழிந்தவன் காரணம் சொல்கிறேன் என்று மைக்கைப் பிடித்தேன். லிஃப்ட் ரிப்பேரான நாளில் அக்கா படியேறியது, பாதியில் அவர் செருப்பு அறுந்தது, அந்தச் செருப்பைத் தைத்த கடை என்று அரைகுறை ஆங்கிலத்தில் இழுத்துக்கொண்டே போனேன். நேரம் முடிந்தது என்று பெரியவர் மணியை அடித்தபோது அண்ணன் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி.

"கையத் தூக்குங்கண்ணே!"

"பெட்டிய யாரு பிடிப்பா?"

பெட்டியோடு சேர்த்தே தூக்கினார்.

ஓட்டுப்பெட்டி வைத்தார்கள். அக்கா தோற்றார். தலைவர் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஓட்ட எண்ணி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு வாட்டி டாய்லெட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன் தம்பி. எனக்கு இது பழக்கமில்ல."

அக்கா என்னையும் அண்ணனையும் முறைத்தார். "அடுத்த வாட்டி பிரியாணிய நானே எடுத்துட்டு வர்றேன். நீங்க ரெண்டு பேரும் நாற்காலிய விட்டு எந்திரிக்கவே கூடாது."

அடுத்த வாட்டியா?