சைக்கிளை விட்டு இறங்குகிறவர்

எழுபதுகளில் எங்கள் ஊர் சிலமலையிலிருந்து போடிக்குப் போகிற வழியில் பெரியப்பாவின் தோட்டம் இருந்தது. ரோட்டோரம் மோட்டார் ரூம், அதன் நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில், கட்டிலில் பெரியப்பா. மலைமேல் இருந்த ஏலத்தோட்டத்தைப் பாகம் பிரித்ததில் வந்த மனத்தாங்கலில் அவரும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

ஆனாலும் அந்த இடம் வந்ததும் அப்பா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடியே நடப்பார். பெரியப்பா வேறு பக்கம் பார்ப்பார். வேலி முடிந்த பிறகுதான் அப்பா மறுபடி ஏறுவார். வீட்டில் ஓர் அதட்டலில் எங்களை நடுங்க வைக்கிற மனிதர், அங்கே மட்டும் வாத்தியாரைக் கண்ட பையனாக ஆகிவிடுவது எனக்குப் பெரிய வேடிக்கை.

“பேச்சு வார்த்தைதான் இல்லையே, பெறகு எதுக்கும்மா எறங்குறாரு?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“பேசாம இருக்கதுக்கும் எறங்காமப் போறதுக்கும் என்னடி சம்பந்தம்? அண்ணன்ல?” என்றாள். எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

ஒருநாள், அப்பா மலையிலிருந்து கொண்டுவந்த பச்சை ஏலக்காய் ஒன்றை, வாசனை எப்போதும் கூடவே இருக்கட்டும் என்று மூக்குக்குள் ஏற்றிக்கொண்டேன். அம்மா கொண்டை ஊசியால் எடுக்கப் பார்த்ததில் அது இன்னும் மேலே போய், ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. அப்பா என்னைத் தூக்கி சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு போடிக்கு மிதித்தார். நான் அலறிக்கொண்டே போனேன்.

மோட்டார் ரூம் தெரிந்தது. அப்பா பிரேக்கைப் பிடித்து இறங்கிவிட்டார். கை தன்னால் வேட்டிக்குப் போனது. அப்புறம் என்னை வைத்தபடியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

“டேய்!” பெரியப்பா எழுந்து நின்றார். அவர் அப்பாவிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “பிள்ள சட்டையெல்லாம் ரத்தமாக் கெடக்கு, தள்ளிக்கிட்டா போற? ஏறுடா வெரசா!”

அப்பா பெடலில் ஒரு காலை வைத்தார். எடுத்துவிட்டார். “இல்லண்ணே...” என்று முனகினார்.

பெரியப்பா அவரையே பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலையைப் பார்த்து நின்றார்.

“நான் பாக்கலடா. ஏறிப் போ.”

அப்பா ஏறினார். அவர் அப்படி மிதித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

போடி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏதோ ஒரு இடுக்கியை விட்டு, ஏலக்காயை நொடியில் எடுத்துவிட்டார். மருந்து கொடுக்க வந்த கம்பவுண்டர், “பிள்ளைக்கு என்ன வயசு?” என்று அப்பாவைக் கேட்டார்.

“எங்கண்ணே பேசிட்டாருங்க” என்றார் அப்பா, முகமெல்லாம் சிரிப்பாக.

கம்பவுண்டர் மறுபடியும் கேட்டார். அப்பா மறுபடியும் அதையே சொன்னார். வந்த அவசரத்தில் அப்பாவுக்குக் காது அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “ஆறு” என்று நானே சொன்னேன்.